வீட்டுக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் கர்னல்: கேள்வி பதில்

ரவி: சார், உபுண்டு 24.04 வச்சிருக்கேன், கர்னல் 6.8. புதுசு புதுசா வந்துட்டே இருக்கே, மாத்தணுமா?

கர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி, கம்ப்யூட்டரின் சாதனங்களையும் புரோகிராம்களையும் இணைப்பது அதுதான். எல்லாம் ஒழுங்காக ஓடினால் மாற்ற வேண்டாம். ஒன்பது பத்து வாரத்துக்கு ஒரு புதுக் கர்னல் வந்துகொண்டுதான் இருக்கும். எண் 6.8 என்றே இருந்தாலும், பாதுகாப்புத் திருத்தங்களை உபுண்டுக்காரர்கள் அதற்குள்ளேயே சேர்த்து அப்டேட்டில் அனுப்பிவிடுகிறார்கள். ஏதாவது ஒரு சாதனம் வேலை செய்யாதபோதுதான் புதியதைத் தேட வேண்டும். அப்போதும் தனியாக டவுன்லோட் செய்யாமல் 'லினக்ஸ்-ஜெனரிக்-எச்டபிள்யூஇ-24.04' பேக்கேஜைப் போடுங்கள். அடுத்தடுத்த அப்டேட்டும் தானாக வரும்.

செல்வி: புது லேப்டாப்ல டெபியன் 12 போட்டேன். வைஃபையே காட்டல. ரியல்டெக் 8852பிஇ சிப்.

டெபியன் 12-இன் கர்னல் 6.1. இந்தச் சிப்புக்கான டிரைவர் சேர்ந்தது 6.2-இல். ஒரே ஒரு பதிப்பில் தப்பிவிட்டது!

போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போட்டு நெட் வாங்கிக்கொள்ளுங்கள். பேக்போர்ட்ஸை (பழைய டெபியனுக்குப் புதிய பேக்கேஜ்களைத் தரும் களஞ்சியம்) சேர்த்து, அங்கிருந்து கர்னலையும் 'ஃபர்ம்வேர்-ரியல்டெக்' பேக்கேஜையும் (சிப்புக்குள் ஏற்றப்படும் நிரல்) சேர்த்தே எடுங்கள். கர்னலை மட்டும் மாற்றினால், டிரைவர் ஏறும், ஃபர்ம்வேர் ஃபைல் இல்லாமல் நின்றுவிடலாம். 'எல்எஸ்பிசிஐ -என்என்கே' அடித்துப் பாருங்கள். வைஃபை கார்டின் கீழே 'கர்னல் டிரைவர் இன் யூஸ்' வரி இல்லையென்றால் டிரைவரிலோ ஃபர்ம்வேரிலோ சிக்கல்.  ஃபர்ம்வேர் என்றால், 'டிமெசேஜ்' (dmesg) வெளியீட்டில் எந்த ஃபைல் கிடைக்கவில்லை என்று பெயரோடு சொல்லும். இதெல்லாம் வேண்டாம் என்றால் டெபியன் 13 போடுங்கள், அதில் 6.12.

பாலா: அண்ணே, அப்டேட் முடிஞ்சு ரீஸ்டார்ட் பண்ணா கருப்புத் திரை. என்விடியா கார்டு.

வழக்கமான கதை. பழைய கர்னல் இன்னும் டிஸ்க்கில்தான் இருக்கும், பதற வேண்டாம். ஆன் செய்ததும் எஸ்கேப் விசையை ஒரு தடவை தட்டுங்கள் (பழைய பயாஸ் என்றால் ஷிஃப்டைப் பிடித்திருங்கள்). அவசரத்தில் இரண்டு மூன்று தடவை தட்டினால் மெனுவுக்குப் பதில் கிரப்பின் (கர்னலை ஏற்றும் நிரல்) வெறும் பிராம்ப்ட் வந்து நிற்கும். அங்கே 'நார்மல்' என்று டைப் செய்து என்டர், உடனே எஸ்கேப், மெனு திரும்பும். 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே போய் முந்தைய கர்னலைத் தேர்ந்தெடுங்கள்.

உள்ளே வந்ததும் 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' அடியுங்கள். ஒவ்வொரு கர்னலுக்கும் ஏற்ப என்விடியா போன்ற வெளி மாட்யூல்களை (கர்னலில் ஏறும் டிரைவர் துண்டுகள்) கட்டித்தரும் கருவி அது. புதுக் கர்னலின் எண் அந்தப் பட்டியலில் இல்லையென்றால், அதற்கு என்விடியா மாட்யூல் கட்டப்படவே இல்லை. பெரும்பாலும் மாட்யூல் கட்டத் தேவையான 'லினக்ஸ்-ஹெடர்ஸ்' விட்டுப்போயிருக்கும். அதே எண்ணுள்ள ஹெடர்ஸைப் போட்டு 'டிகேஎம்எஸ் ஆட்டோஇன்ஸ்டால் -கே' என்பதோடு அந்த எண்ணையும் கொடுங்கள்.

எண் இருந்தும் திரை வரவில்லையென்றால் செக்யூர் பூட்டை (கையொப்பமிட்டதை மட்டுமே ஓடவிடும் பாதுகாப்பு வசதி) சந்தேகப்படுங்கள். கையொப்பச் சாவி பதிவாகாத மாட்யூலைக் கர்னல் ஏற்காது. 'மோக்யூட்டில் --இம்போர்ட்' மூலம் டிகேஎம்எஸ்ஸின் சாவியைக் கொடுத்து ஒரு பாஸ்வேர்டு வையுங்கள். அடுத்த பூட்டில் நீலத் திரை வரும், 'என்ரோல் மோக்' தேர்ந்தெடுத்து அதே பாஸ்வேர்டு. அந்தத் திரை பத்து நொடிதான் காத்திருக்கும். டீ எடுக்கப் போய்விடாதீர்கள்.

மும்தாஜ்: /பூட் பார்ட்டிஷன் நிரம்பிடுச்சுன்னு அப்டேட் பாதியில நிக்குது. 512 எம்பி.

/பூட்டில்தான் கர்னல்கள் இருக்கும், பழையவை சேர்ந்து நிரம்பியிருக்கும். 'யூநேம் -ஆர்' அடித்து இப்போது ஓடும் கர்னலைக் குறித்துக்கொள்ளுங்கள், அதைத் தொடக்கூடாது. 'ஆப்ட் ஆட்டோரிமூவ் --பர்ஜ்' போட்டாலே பெரும்பாலும் இடம் வரும். ஆப்டே முரண்டு பிடித்தால், மிகப் பழைய 'லினக்ஸ்-இமேஜ்' ஒன்றை 'டிபிகேஜி --பர்ஜ்' கொண்டு நீக்கி, பிறகு 'ஆப்ட் -எஃப் இன்ஸ்டால்'. /பூட்டுக்குள் நேரடியாக ஃபைலை அழிக்காதீர்கள், பேக்கேஜ் கணக்குக் குழம்பும். இரண்டு கர்னல் எப்போதும் இருக்கட்டும்.

கணேஷ்: நானே கம்பைல் பண்ணா வேகம் கூடுமா?

மூல நிரலிலிருந்து நாமே கட்டினாலும் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வேகம் ஏறாது. கற்றுக்கொள்ள என்றால் தாராளமாகச் செய்யுங்கள். இப்போதைய கன்ஃபிக் ஃபைலை (கர்னலில் எவை சேர வேண்டும் என்ற பட்டியல்) /பூட்டிலிருந்து நகலெடுத்து, 'மேக் லோக்கல்மாட்கன்ஃபிக்' போடுங்கள். அந்த நேரத்தில் ஏறியிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அது வெட்டிவிடும். அதனால் பிரிண்டர், வெப்கேம், பென்டிரைவ், ப்ளூடூத் டாங்கிள் எல்லாவற்றையும் முன்பே செருகிவிடுங்கள். மறந்தால் புதுக் கர்னலுக்கு அவை யாரென்றே தெரியாது.

உபுண்டு, டெபியன் கன்ஃபிக்கில் 'சிஸ்டம் டிரஸ்டட் கீஸ்' வரி அவர்களுடைய சான்றிதழ் ஃபைலைக் கேட்கும், உங்களிடம் இருக்காது. கம்பைல் பாதியில் நின்றால் முதலில் இதைப் பாருங்கள், காலியாக்குங்கள். டீபக் (பிழை தேட உதவும்) தகவலையும் அணையுங்கள், இல்லாவிட்டால் டிஸ்க் இடத்தை விழுங்கிவிடும். 'மேக் பின்டெப்-பிகேஜி' கொடுத்தால் டெப் பேக்கேஜாகவே வரும், வேண்டாதபோது சுலபமாக நீக்கலாம்.

ஜான்: பாட்டு ரெக்கார்ட் பண்றப்ப சத்தம் விட்டு விட்டு வருது. ரியல்டைம் கர்னல் வேணுமா?

ரியல்டைம் கர்னல் என்பது அவசர வேலையைக் குறித்த நேரத்துக்குள் கவனிப்பது. அதற்கு முன் 'ப்ரீஎம்ப்ட்=ஃபுல்' போட்டுப் பாருங்கள், அவசர வேலைக்குக் கர்னல் சீக்கிரம் வழிவிடும். கிரப் மெனுவில் 'ஈ' அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் இதைச் சேர்த்து எஃப்10. அந்த ஒரு பூட்டுக்கு மட்டும்தான் செல்லும், தப்பானாலும் நஷ்டமில்லை. சரியாக இருந்தால் கிரப் அமைப்பு ஃபைலில் எழுதி 'அப்டேட்-கிரப்' ஓட்டுங்கள். இதற்கும் அடங்கவில்லையென்றால்தான் ரியல்டைம். அந்த வசதி 2024-இல் வந்த 6.12-இலிருந்து மூலக் கர்னலிலேயே இருக்கிறது.

மீனா: பழைய கம்ப்யூட்டர். 'மிட்டிகேஷன்ஸ்=ஆஃப்' போடலாமா?

சிபியு ஓட்டைகளுக்கு எதிராகக் கர்னல் போட்டிருக்கும் தடுப்புகளை அணைத்து வேகம் தேடும் ஆப்ஷன் அது. அந்தக் கம்ப்யூட்டரில் பிரவுசர் திறப்பீர்களா? திறப்பீர்கள் என்றால் வேண்டாம்.