கால் வீங்கினால் இதயம் பழுதா? கேள்வி பதில்

கேள்வி: அம்மாவுக்கு வயது 67. ஒரு மாதமாகச் சாயங்காலம் ஆனால் இரண்டு காலும் வீங்கிவிடுகிறது. காலையில் ஓரளவு வடிந்திருக்கிறது. ஹார்ட் ஃபெயிலியராக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது டாக்டர். எதை முதலில் பார்ப்பது?

கால் இருக்கட்டும், முதலில் அம்மாவின் மூச்சைக் கவனியுங்கள். வேறு எந்தத் தொந்தரவும் இல்லாமல் கால் மட்டும் வீங்கினால், பெரும்பாலும் காலின் சிரைக்குழாய்களோ (இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி அனுப்பும் குழாய்கள்) சாப்பிடும் மாத்திரைகளோதான் காரணமாக இருக்கும். இதயத்தால் வரும் வீக்கம் பொதுவாக மூச்சு வாங்குவதையோ அசதியையோ கூட்டிக்கொண்டு வரும்.

அம்மாவிடம் கேட்க வேண்டியவை: மட்டமாகப் படுத்தால் மூச்சு முட்டுகிறதா, ஒரு தலையணை இரண்டு மூன்றாகிவிட்டதா? தூங்கி ஓரிரு மணி நேரத்தில் மூச்சுத் திணறி எழுந்து உட்கார்கிறாரா? போன மாதம் நிற்காமல் ஏறிய படிகளில் இப்போது நடுவே நிற்கிறாரா? குனிந்து செருப்பு மாட்டும் அரை நிமிடத்துக்குள் மூச்சு அடைக்கிறதா? நேரடியாகக் கேட்டால் பல பெரியவர்கள் "ஒன்றும் இல்லை" என்றுதான் சொல்வார்கள். சிரமம் வரும் வேலையையே தவிர்க்கப் பழகியிருப்பார்கள். "என்ன வேலையை விட்டுவிட்டீர்கள்?" என்று கேளுங்கள்.

காலையில் வடிகிறது என்பதை வைத்து இதயம் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். காலில் தேங்கிய நீர் படுத்தவுடன் இரத்தத்துக்குத் திரும்புவது எல்லோருக்கும் நடப்பதுதான். நல்ல இதயம் அந்தக் கூடுதல் வரத்தைச் சமாளித்து அனுப்பிவிடும். பலவீனமான இதயத்தில் அது நுரையீரலில் தேங்கும். ராத்திரி மூச்சுத் திணறல் வருவது இதனால்தான்.

கேள்வி: வீட்டில் விரலால் அழுத்திப் பார்க்கச் சொல்கிறார்கள். எங்கே, எப்படி அழுத்துவது?

கணுக்காலுக்கு நாலு விரற்கடை மேலே, உட்புறமாக, தோலுக்கு அடியில் எலும்பு தட்டுப்படும் இடம். கொழகொழவென்ற சதையில் அழுத்தினால் ஒன்றும் புரியாது. கட்டைவிரலை வைத்து 10 விநாடி நிதானமாக அழுத்தி எடுங்கள். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விரலை மெல்ல ஓட்டினால் பள்ளம் தட்டுப்படும். மருத்துவக் குறிப்பில் 1+ என்பது சுமார் 2 மி.மீ. ஆழம், 2+ என்பது 4, 3+ என்பது 6, 4+ என்பது 8 மி.மீ. குழி எத்தனை விநாடியில் நிரம்புகிறது என்பதையும் பாருங்கள்.

ஆழத்தைவிட உயரம் முக்கியம் என்பேன். கணுக்காலோடு நிற்கிறதா, முழங்கால் வரை ஏறியிருக்கிறதா, தொடையைத் தொட்டுவிட்டதா? ஒரே வாரத்தில் மேலே ஏறும் வீக்கத்தைத் தள்ளிப்போடக் கூடாது. படுக்கையிலேயே இருப்பவருக்குக் கால் மெலிந்தே தெரியும். நீர் இடுப்புக்குக் கீழே முதுகுப்புறத்தில் இறங்கியிருக்கும். ஒருக்களித்துப் படுக்கவைத்து அங்கே அழுத்திப் பாருங்கள்.

குழியே விழாமல் கெட்டியாக இருந்தால் யோசனை வேறு பக்கம் போக வேண்டும்: நிணநீர்த் தேக்கம், தைராய்டு குறைவு. இரண்டாவது கால்விரலின் அடிப்பகுதித் தோலைக் கிள்ளித் தூக்க முடியவில்லை என்றால் நிணநீர்த் தேக்கமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

கேள்வி: அப்பாவுக்கு ஹார்ட் ஃபெயிலியர் என்று சொல்லிவிட்டார்கள். தினமும் எடை பார்க்கச் சொன்னார் டாக்டர். கால் வீங்கினால்தான் கண்ணுக்குத் தெரியுமே, எடை எதற்கு?

கண்ணுக்குத் தெரியும் அளவு கால் வீங்குவதற்குள் உடலில் 2, 3 லிட்டர் நீர் சேர்ந்திருக்கும். ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ. ஆகவே எடைமுள் கால் வீங்குவதற்குப் பல நாள் முன்பே சொல்லிவிடும். ஆஸ்பத்திரியில் சேராமல் தப்பிக்கக் கிடைக்கும் அவகாசம் அந்தச் சில நாட்கள்தான். தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள்.

காலையில் எழுந்து, சிறுநீர் கழித்துவிட்டு, எதுவும் சாப்பிடுவதற்கு முன், ஒரே மாதிரி உடையில், ஒரே எடைக் கருவியில் பாருங்கள். கருவி கெட்டித் தரையில் இருக்க வேண்டும். விரிப்பின் மேல் வைத்தால் தப்பாகக் காட்டும். நோட்டில் தேதியோடு எழுதுங்கள். 3 நாளில் 2 கிலோ கூடினால் அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள். மூச்சும் கூடவே வாங்கினால் அந்த 2 கிலோவுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

எடை இறங்கிக்கொண்டே போய், எழுந்தால் தலை சுற்றுகிறது, வாய் வறள்கிறது என்றால் நீர் மாத்திரை அதிகமாகிவிட்டது என்று பொருள். அதையும் சொல்லுங்கள். இன்னொன்று: நோய் நீண்டுபோனால் உடம்பு சதை கரையும், அந்த இடத்தை நீர் நிரப்பும், எடை மாறாமலே நிற்கும். கன்னமும் தோளும் ஒட்டிப்போய் வயிறு மட்டும் உப்பினால் எடைக் கணக்கை நம்பக் கூடாது. "வீக்கம் இல்லாத எடை" எது என்பதை ஒவ்வொரு பரிசோதனையிலும் மருத்துவரிடம் கேட்டுப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்குப் பிரஷருக்கு அம்லோடிபின் 5 மி.கி. இருந்தது, 10 ஆக்கினார்கள். இப்போது இரண்டு கணுக்காலும் வீங்குகிறது. எக்கோ (இதய ஸ்கேன்) நார்மல். நீர் மாத்திரை சேர்த்தும் வடியவில்லை சார்.

வடியாமல் இருப்பதே ஒரு தடயம். அம்லோடிபின் நுண்தமனிகளை (இரத்தத்தைக் கொண்டுவரும் சிறு குழாய்களை) நன்றாகத் திறந்துவிடும். சிரைப் பக்கத்தை அந்த அளவுக்குத் திறக்காது. வாய்க்காலில் தண்ணீர் கூடி, வடிகால் அப்படியே இருந்தால் என்ன ஆகும்? நுண்குழாய்களில் அழுத்தம் ஏறி நீர் திசுக்களில் கசிகிறது. உடலில் மொத்த நீர் கூடவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. அதனால்தான் நீர் மாத்திரை எடுபடுவதில்லை. அதைத் தொடர்ந்து சாப்பிட்டால் சோடியமும் பொட்டாசியமும் இறங்கி வேறு தொல்லை வரும்.

இந்த வீக்கம் அளவைப் பொறுத்தது, 10 மி.கி.யில் 5 மி.கி.யைவிடத் தெளிவாக அதிகம். மருத்துவரிடம் பேச வேண்டிய வழிகள்: அளவைப் பழையபடி குறைப்பது, அல்லது டெல்மிசார்டன், ராமிப்ரில் போன்ற வகையில் ஒன்றைச் சேர்ப்பது (இவை சிரைப் பக்கத்தையும் தளர்த்துவதால் வீக்கம் குறையும்), அல்லது மருந்தையே மாற்றுவது. நீங்களாக நிறுத்தாதீர்கள், பிரஷர் எகிறிவிடும். மாற்றியபின் முழுக்க வடிய ஓரிரு வாரம் ஆகலாம்.

இதே கேள்வியை அனுப்பிய மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: பிரிகாபலின், கபாபென்டின், ஸ்டீராய்டு, வலி மாத்திரைகள் எல்லாமே காலை வீங்கவைக்கக்கூடியவை. சுகருக்குத் தரும் பயோகிளிட்டசோன் மட்டும் தனி ரகம். அது உண்மையாகவே உப்பையும் நீரையும் உடலில் பிடித்துவைக்கும். இதயச் செயலிழப்பு (ஹார்ட் ஃபெயிலியர்) உள்ளவருக்கு அதைத் தரக் கூடாது.

கேள்வி: இடது கால் மட்டும் மூன்று நாளாக வீங்கி, கெண்டைக்கால் வலிக்கிறது. இதயமா?

ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கினால் இதயத்தை விடுங்கள், இரத்த உறைவைத்தான் முதலில் நினைக்க வேண்டும். இன்றைக்கே டாப்ளர் ஸ்கேன் பார்க்கக்கூடிய இடத்துக்குப் போங்கள். முழங்கால் சில்லுக்குக் கீழே ஒரு எலும்பு முடிச்சு தட்டுப்படும். அதிலிருந்து 10 செ.மீ. கீழே இரண்டு கெண்டைக்காலையும் டேப் வைத்து அளந்தால், 3 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருப்பது சந்தேகத்தைக் கூட்டும். அண்மையில் ஆபரேஷன், மாவுக்கட்டு, நீண்ட பயணம், புற்றுநோய்ச் சிகிச்சை, கருத்தடை மாத்திரை இருந்தால் இன்னும் கூடும். எண்ணெய் தேய்த்து நீவிவிடவே கூடாது. உறைந்த கட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போகலாம். மூச்சு இழுக்கும்போது நெஞ்சில் குத்தல், திடீர் மூச்சிரைப்பு, இரத்தம் கலந்த சளி வந்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: பைபாஸ் ஆபரேஷனுக்குக் காலில் இருந்து நரம்பு எடுத்தார்கள். அந்தக் கால் இரண்டு மாதமாக வீங்கியே இருக்கிறது.

எடுத்தது சிரைக்குழாய். அது திருப்பி அனுப்பிய இரத்தத்தை மற்ற குழாய்கள் ஏற்றுப் பழகச் சில மாதங்கள் ஆகும். மெதுவாகக் குறைந்துகொண்டு வந்தால் கவலை இல்லை. திடீரென்று கூடினாலோ, சிவந்து சூடானாலோ காட்டிவிடுங்கள்.

கேள்வி: எக்கோவில் பம்பிங் 60 சதவீதம், நார்மல் என்று போட்டிருக்கிறது. ஆனாலும் ஹார்ட் ஃபெயிலியர் என்கிறார் டாக்டர். எப்படி?

இரண்டும் சேர்ந்து இருக்க முடியும். அந்தச் சதவீதம், நிரம்பிய இரத்தத்தில் எவ்வளவு பங்கு வெளியே போகிறது என்பதை மட்டும் சொல்கிறது. கணக்காகப் பாருங்கள். ஒரு இதயம் 120 மில்லி நிரம்பி 70 மில்லி தள்ளினால் 58 சதவீதம். விறைத்துப்போன இன்னொரு இதயத்தில் 80 மில்லிதான் நிரம்பும், 48 மில்லி தள்ளும். அதுவும் 60 சதவீதம்தான். சதவீதம் அழகாக இருக்கும், உடலுக்குப் போகும் இரத்தம் குறைவு. இப்படி 50க்கு மேல் இருந்தும் வரும் செயலிழப்பு, நீண்ட நாள் பிரஷர், சுகர், உடல் பருமன், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதய மேலறைகளின் சீரற்ற துடிப்பு) உள்ள முதியவர்களிடம் நிறையக் காணப்படுகிறது. 40ம் அதற்குக் கீழும் உள்ளது சுருங்கும் திறன் குறைந்த வகை.

எக்கோ அறிக்கையில் இடது மேலறை பெரிதாகியிருக்கிறதா, இதயச்சுவர் தடித்திருக்கிறதா, நுரையீரல் தமனி அழுத்தம் எவ்வளவு என்ற வரிகளைக் காட்டி விளக்கம் கேளுங்கள். "கிரேடு 1 டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன்" (இதயம் தளர்ந்து நிரம்புவதில் லேசான குறை) என்ற வரியை மட்டும் பார்த்துக் கலங்காதீர்கள். வயதானாலே பலருக்கு அது வரும், அது மட்டும் செயலிழப்பு ஆகாது.

பெயரும் பயமுறுத்துகிறது, அதனால் சொல்கிறேன். செயலிழப்பு என்றால் இதயம் நின்றுபோவது அல்ல. தேவைக்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறுவது. சிகிச்சை இருக்கிறது, பலருக்கு நன்றாகவே பலன் தருகிறது.

கேள்வி: என்டி-ப்ரோபிஎன்பி (இதயம் திணறினால் கூடும் பொருளைப் பார்க்கும் இரத்தப் பரிசோதனை) 90 வந்திருக்கிறது. இதயம் இல்லை என்று நிம்மதியாக இருக்கலாமா?

திடீர் மூச்சுத் திணறல் இல்லாமல் வெளிநோயாளியாகப் பார்த்ததில் 125க்குக் கீழ் (அலகு: பிகோகிராம்/மில்லி) இருந்தால் இதயச் செயலிழப்புக்கு வாய்ப்பு மிகக் குறைவு. அவசரப் பிரிவில் வந்தவருக்கு 300க்குக் கீழ் என்பதே கோடு. ஆனால் பருமனான உடலில் இந்த எண் குறைவாகவே வரும். முதுமை, சிறுநீரகக் கோளாறு, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருந்தால் கூடிவரும். மூச்சுத் தொந்தரவு இருந்தால் எண்ணை மட்டும் நம்பி விட்டுவிடாமல் எக்கோவும் பாருங்கள்.

கேள்வி: தெரிந்தவர் லாசிக்ஸ் என்ற நீர் மாத்திரை போட்டுக் கால் வடிந்தது என்றார். நாமே வாங்கிப் போடலாமா?

வேண்டாம். போட்டால் பல சமயம் வடியத்தான் செய்யும், ஆபத்தே அதில்தான். காரணம் உள்ளே அப்படியே இருக்கும், மருத்துவர் பார்க்கும்போது அடையாளம் அழிந்திருக்கும். பொட்டாசியம் இறங்கினால் இதயத் துடிப்பு தடுமாறும். முதலில் ஒரு முறை பாருங்கள்: சிறுநீரில் அல்புமின் (புரதம்), கிரியேட்டினின், சோடியம், பொட்டாசியம், கல்லீரல் பரிசோதனை, இரத்த அல்புமின், ஹீமோகுளோபின், டிஎஸ்எச் (தைராய்டு), ஈசிஜி. காலையில் கண் இமை உப்பி, சிறுநீர் நுரைத்துப் போனால் சிறுநீரகம். கால் வீங்குவதற்கு முன்பே வயிறு பெருத்து, கண் மஞ்சளித்தால் கல்லீரல்.

மருத்துவரே எழுதித் தந்தவர்கள்: விழுங்கி ஒரு மணி நேரத்துக்குள் வேலை தொடங்கி ஆறு மணி நேரம் போல இருக்கும். காலையில் போடுங்கள். இரண்டாம் வேளை இருந்தால் பிற்பகலில் முடியுங்கள், ராத்திரி இருட்டில் கழிவறைக்கு ஓடி விழுவது குறையும். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்த நாளில் வழக்கம்போல் போடலாமா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.

கேள்வி: ஹார்ட் ஃபெயிலியர் உள்ளவருக்கு உப்பு எவ்வளவு? தண்ணீர் எவ்வளவு?

உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், சமதளமான ஒரு டீஸ்பூன், பாக்கெட் உணவில் இருப்பதையும் சேர்த்து. கல்லுப்பும் இந்துப்பும் இதே கணக்குதான். "சோடியம் குறைந்த உப்பு" வாங்கிவிடாதீர்கள். அதில் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். ஸ்பைரோனோலாக்டோன் (ஒரு வகை நீர் மாத்திரை), ராமிப்ரில் வகைகளோடு சேர்ந்தால் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். தண்ணீரை எல்லோரும் குறைக்க வேண்டியதில்லை. நோய் முற்றியவர்களுக்கோ சோடியம் குறைந்தவர்களுக்கோ 1.5 முதல் 2 லிட்டர் என்று மருத்துவர் சொல்வார்.

கேள்வி: அப்பாவுக்கு மூட்டுவலி. டைக்ளோஃபெனாக் போடலாமா? இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார்.

கூடாது. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகைகள் சிறுநீரகத்தில் உப்பைப் பிடித்துவைத்து, சரியாக இருந்தவரைச் சில நாளிலேயே வீங்கவைத்துவிடும். ராமிப்ரில் வகை, நீர் மாத்திரை, வலி மாத்திரை மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் சிறுநீரகமே சுருண்டுவிடும். பாராசிட்டமால் மருத்துவர் சொன்ன அளவில் போடலாம், ஆனால் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் பொங்கும் மாத்திரை வேண்டாம். ஒன்றிலேயே ஏறத்தாழ 400 மி.கி. சோடியம் இருக்கிறது.

கேள்வி: வெரிகோஸ் உள்ளது. இறுக்கமான காலுறை போடலாமா?

சிரைக் கோளாறுக்கு அதுதான் நல்ல மருந்து. கணுக்காலின் உட்புறம் தோல் பழுப்பேறி அரிக்கிறது என்றால் தாமதிக்காதீர்கள், அடுத்து புண் வரும். வழக்கமாக 20–30 மி.மீ. பாதரச அழுத்தம். காலையில் காலைத் தரையில் ஊன்றுவதற்கு முன்பே போட வேண்டும். மேல் விளிம்பைச் சுருட்டிவிட்டால் அந்த இடம் கயிறு கட்டியது போல இறுக்கும். வாங்கும் முன் பாதத் தமனித் துடிப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். தமனி அடைப்பு உள்ள காலில் போட்டால் விரல் அழுகும் வரை போகலாம். சுகரால் கால் மரத்தவர்களும், மூச்சு வாங்கும் இதய நோயாளிகளும் கேட்காமல் போடக் கூடாது.

கேள்வி: பிரசவம் ஆகி ஆறு வாரம். கால் இன்னும் வீங்குகிறது, படுத்தால் இருமல் வருகிறது.

முதல் வாரத்தில் வீங்குவது சகஜம், ஓரிரு வாரத்தில் வடிந்துவிடும். ஆறு வாரத்தில் படுத்தால் இருமல் என்பது சகஜம் இல்லை அம்மா. கர்ப்பத்தின் கடைசி மாதம் முதல் பிரசவத்துக்குப் பின் ஐந்து மாதம் வரை இதயத் தசை பலவீனமாகும் ஒரு நோய் உண்டு. குழந்தை வளர்க்கும் அசதி என்று வீட்டில் சொல்லித் தள்ளிவிடுவார்கள். இன்றே பிரஷர் பாருங்கள், எக்கோ கேளுங்கள். 140/90க்கு மேல் இருந்து தலைவலியோ பார்வை மங்கலோ இருந்தால் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கேள்வி: ராத்திரியில் மூச்சுத் திணறல் வந்தால் விடியும்வரை பார்க்கலாமா?

உட்கார்ந்தும் அடங்காத மூச்சிரைப்பு, ஒரு வாக்கியத்தைச் சேர்ந்தாற்போல் பேச முடியாமை, இளஞ்சிவப்பு நுரைச் சளி, உதடு நீலம், நெஞ்சுவலி, மயக்கம், குழப்பமான பேச்சு: இதில் ஒன்று இருந்தாலும் விடியலுக்குக் காத்திருக்கக் கூடாது. ஆம்புலன்ஸ் வரும்வரை நிமிர்த்தி உட்காரவையுங்கள், கால்களைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிடுங்கள். கால் வீங்கியிருக்கிறதே என்று உயர்த்தி வைத்தால் அந்த நீரெல்லாம் நுரையீரலுக்குத்தான் ஏறும். தண்ணீர் புகட்ட வேண்டாம், படி இறங்கி நடக்கவிட வேண்டாம். சாப்பிடும் மாத்திரைகளையும் எடை எழுதிய நோட்டையும் ஒரு பையில் போட்டுக் கையோடு எடுத்துப் போங்கள்.