பேன் குதிக்காது, நடக்கும்: சில கேள்விகளும் பதில்களும்

கோபிசெட்டிபாளையம் பக்கத்துக் கிராமங்களில் சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பள்ளிக்கூடம் திறந்து கொஞ்ச நாள் ஆனால் போதும், தலைப்பேனைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறீர்கள். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

பெருந்துறையிலிருந்து ஓர் அம்மா: மூன்றாவது படிக்கும் மகளுக்குப் போன வாரம் தலை அரிக்க ஆரம்பித்தது. வகுப்பில் புதிதாக வந்து பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளையிடமிருந்துதான் தொற்றியிருக்கும். டீச்சரிடம் சொல்லி இடம் மாற்றட்டுங்களா?

அவசரப்படாதீங்க அம்மிணி. பேன் இரத்தம் குடிக்கும்போது விடும் எச்சில் நம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாததால்தான் அரிப்பு வருகிறது. முதல் தடவை பேன் பிடித்த தலையில் அப்படி அரிப்பெடுக்க நாலு முதல் ஆறு வாரம்கூட ஆகும். ஆக, போன வாரம் சொறிய ஆரம்பித்த பிள்ளையின் தலையில் பேன் குடிவந்து ஒரு மாதம் ஆகியிருக்கலாம். அப்போது யாரோடு தலை ஒட்டிப் படுத்தாள் என்று யோசியுங்கள். லீவுக்கு அமுச்சி (அம்மாவின் அம்மா) வீட்டுக்குப் போனாளா? அங்கே நாலைந்து பிள்ளைகள் ஒரே பாயில் உருண்டார்களா? பாவம், அந்தப் புதுப் பிள்ளைக்கு உங்கள் மகள் கொடுத்திருக்கவும் வாய்ப்பு உண்டு.

பொள்ளாச்சியிலிருந்து ஒரு கல்லூரித் தம்பி: பஸ்ஸில் முன் சீட்டில் இருப்பவர் தலையிலிருந்து பேன் குதித்து வருமா?

வராது தம்பி. பேனுக்கு இறக்கையும் இல்லை, தத்துக்கிளி போல உந்தும் காலும் இல்லை. ஆறு காலிலும் கொக்கி மாதிரி ஒரு நகம் இருக்கிறது. முடியைப் பிடித்துத் தொங்குவதற்கென்றே அமைந்த நகம். முடி மேல் நிமிடத்துக்குச் சுமார் 23 செ.மீ., அதாவது ஒரு சாண் தூரம் நடக்கும். வழவழப்பான இடத்தில் அதே பேன் தடுமாறும். அதனால் அது ஊர் மாறுவதற்கு முக்கியமான பாலம் ஒன்றுதான்: ஒருவர் முடி இன்னொருவர் முடியைத் தொட வேண்டும். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் தோளில் சாய்ந்து தூங்காத வரை கவலை வேண்டாம்.

திருப்பூரில் விடுதியில் தங்கியிருக்கும் பெண்: எங்கள் அறையில் ஆறு பேர். தலையணை உறை, போர்வை எல்லாம் துவைத்துவிட்டோம், இன்னும் பேன் போகவில்லை. ஏன் அக்கா?

துவைக்க வேண்டியது துணியை அல்ல கண்ணு, பார்க்க வேண்டியது ஆறு தலையையும். தலையை விட்டு விழுந்த பேனுக்குக் குடிக்க இரத்தம் கிடைக்காது, ஒன்றிரண்டு நாளில் செத்துவிடும். ஈர் பொரிவதற்கு மண்டைச் சூடு வேண்டும், தலையணையில் பொரியாது. சீப்பை மட்டும் ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்ளுங்கள். யார் எந்த ஷிஃப்ட்டில் இருந்தாலும் சரி, ஆறு பேரும் ஒரே நாளில் மருந்து போடுங்கள். ஒரு தலை விட்டுப்போனாலும் மறுபடி ஆறுக்கும் வந்துவிடும்.

இதில் நானே ஏமாந்தவள்தான். என் மகள் சின்னவளாக இருந்தபோது அவளுக்கு மட்டும் மூன்று தடவை மருந்து போட்டேன். ஊருக்கெல்லாம் புத்தி சொன்ன எனக்கு, தினமும் அவளைக் கட்டிக்கொண்டு படுத்த என் அம்மாவின் கொண்டையைப் பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

அந்தியூரிலிருந்து ஒருவர்: கொடிவேரி அணையில் பிள்ளைகளைக் குளிக்கவிட்டால் பேன் போய்விடுமா, இல்லை தண்ணீரில் பரவுமா?

இரண்டும் இல்லைங்க. தண்ணீருக்குள் முடியை இறுகப் பிடித்துக்கொண்டு அசையாமல் கிடக்கும். மணிக்கணக்கில் மூழ்கியிருந்தாலும் சாகாது. குளித்து முடித்து ஒரே துண்டில் எல்லோரும் தலை துவட்டுவதை வேண்டுமானால் தவிர்க்கலாம்.

சென்னிமலையிலிருந்து ஒரு பாட்டி: மண்ணெண்ணெய், சீத்தாப்பழ விதைத் தூள் எல்லாம் போட்டுத்தானே எங்களுக்குப் பேன் எடுத்தார்கள்?

எடுத்தார்கள் ஆத்தா. மண்ணெண்ணெய்த் தலையோடு அடுப்புப் பக்கம் போய் வெந்தவர்களும் உண்டு. சீத்தாப்பழ விதைத் தூள் கண்ணில் பட்டால் கருவிழியே புண்ணாகிவிடும். காட்டுப் பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்தைத் தலையில் தேய்ப்பது எல்லாவற்றையும் விட மோசம், உயிருக்கே ஆபத்து.

மருந்துக் கடையில் 1 சதவீத பெர்மெத்ரின் என்ற பேன் மருந்து கிடைக்கும். தலைக்குக் குளித்து, துவட்டிய முடியில் தடவி, பத்து நிமிடம் விட்டு அலச வேண்டும். அது ஈரை முழுதாகக் கொல்லாது. ஈர் பொரிய ஒரு வாரம், பத்து நாள் ஆகுமென்பதால் ஒன்பதாம் நாள் மறுபடியும் போட வேண்டும். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள்.

மருந்தே வேண்டாம் என்றால் நம் செவ்வாய், வெள்ளி எண்ணெய்க் குளியல் இருக்கிறதே! எண்ணெய் வழிய வழிய இருக்கும் தலையில் பேனால் வேகமாக ஓட முடியாது. வகிடு வகிடாகப் பிரித்துப் பேன் சீப்பால் மண்டையிலிருந்து நுனி வரை இழுங்கள். பொரித்த குஞ்சு வளர்ந்து ஈர் வைக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். மூன்று நாலு நாளுக்கு ஒரு தடவை வாரினால் அதற்குள் சீப்பில் வந்துவிடும். இரண்டு வாரம் விடாமல் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

சின்னச் சின்னக் கேள்விகள் சிலவும் வந்தன. கோழிப்பேன் நம் தலையில் குடியிருக்காது. தினமும் தலைக்குக் குளிப்பவருக்கும் பேன் வரும், அழுக்குக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. மொட்டை அடித்தால் போய்விடும், சந்தேகமே இல்லை. ஆனால் பழனிக்கு வேண்டுதல் இருந்தால் அடியுங்கள், பேனுக்காகப் பெண்பிள்ளையை அழவைக்க வேண்டாம்.

காங்கயத்திலிருந்து ஒரு மருமகள்: என் மாமியார் தலையில் பேன் இருக்கிறது, என் மகன் அவர் பக்கத்தில்தான் படுக்கிறான். எப்படிச் சொல்வது?

சொல்லாதீர்கள், சொன்னால் பேன் பெருமாள் ஆகிவிடும். வெள்ளிக்கிழமை எண்ணெய்க் கிண்ணத்தோடு போய், "அத்தை, எனக்குத் தலை அரிக்குது, கொஞ்சம் பாருங்க" என்று முன்னால் உட்காருங்கள். பார்த்து முடித்ததும், "இப்படித் திரும்புங்க, உங்களுக்கும் வாரிவிடறேன்" என்று கொண்டையைப் பிரியுங்கள். வாரி முடித்த சீப்பைக் கொதிக்கும் வெந்நீரில் பத்து நிமிடம் போட்டுவையுங்கள்.