அடப்பங்கொடியப் புடுங்காதீங்க

"ஐயா, வடதுருவ ஐஸ் உருகி 2050-க்குள்ள சென்னை முங்கிடும்ங்கறாங்களே, ஈசிஆர்ல அப்பா வாங்கின மனைய வித்துடலாமா? இல்ல, கரை முழுக்க கல் கொட்டிட்டா தப்பிச்சுக்கலாமா?" – எஸ்.

அன்புள்ள எஸ்.,

விக்கறதா வேணாமாங்கறத அப்பாகிட்ட கேளுங்க. ஐஸ்ல மட்டும் ஒரு திருத்தம். கடல்ல மிதக்கற ஐஸ் கரைஞ்சா மட்டம் ஏறாது, டம்ளர்ல ஐஸ்கட்டி கரைஞ்சா தண்ணி வழியாது பாருங்க, அதே கதைதான். கிரீன்லாந்து, அன்டார்டிகா, பனிமலைகள்னு தரை மேல இருக்கற ஐஸ் உருகி கடல்ல சேர்றதும், சூடான கடல்தண்ணி விரியறதும்தான் காரணம். 1901-லேருந்து 2018-க்குள்ள உலக சராசரி 20 செ.மீ. ஏறிடுச்சு.

ஆனா அந்தக் கல் கொட்டற யோசனை, அதப் படிச்சதும் நெஜமாவே கோவம் வந்துச்சு தம்பி.

புதுச்சேரிக்கு வடக்க ஒரு குப்பத்துல என் அத்தை வீடு. வாசல்லேருந்து தண்ணிக்கு ஓடறதுக்குள்ள கால் சுட்டுடும், அவ்ளோ மணல். கரைவலை இழுக்க, கருவாடு காயவைக்க, படக ஏத்தி வைக்க எல்லாத்துக்கும் அந்த மணல்தான். மணல்மேட்டுல அடப்பங்கொடியும் ராவணன் மீசைப் புல்லும் மணலப் புடிச்சுகிட்டு படர்ந்திருக்கும், நாங்க கொடியப் புடுங்கினா அத்தை முதுகுலயே வெப்பாங்க, "அதாண்டா நம்ம காம்பவுண்டு"ம்பாங்க.

நம்ம கிழக்குக் கரையில வருஷத்துல பாதிக்கு மேல மணல் தெக்கேருந்து வடக்க போய்ட்டே இருக்கும். 1980-கள் கடைசியில புதுச்சேரி துறைமுகத்துக்கு கடலுக்குள்ள கை நீட்டின மாதிரி கல் சுவர் கட்டினாங்க, மணல் தெக்கயே நின்னுடுச்சு, வடக்க கரை கரைய ஆரம்பிச்சுது. (மெரினாவும் இப்படி சென்னைத் துறைமுகத்தால சேர்ந்ததுதான், அதுக்கு ராயபுரம் பக்கம் கரைஞ்சுது.) டவுனுக்கு கல் கொட்டினாங்க, அடுத்த ஊர் அரிச்சுது, அங்க கொட்டினாங்க, அதுக்கடுத்த ஊர், தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம்னு போய்ட்டே இருக்கு, இதுல தூண்டில் வளைவுன்னு கடலுக்குள்ள நீட்டிப் போடற கல் சுவர் வேற. ஒரு ஊர் தப்பிக்க அடுத்த ஊர் மணல நிறுத்தறோம், இது உங்களுக்கு தீர்வாத் தெரியுதா?

அத்தை ஊருக்கும் கல் வந்துச்சு. வீடு நின்னுது, கரை போச்சு. போட் ஏத்த எடமில்லாம மாமா பக்கத்து ஊர்ல விட்டிருந்தார், அங்கயும் கல் வந்ததும் வித்துட்டார். அத்தை இப்பவும் மொட்டை மாடிலதான் கருவாடு காயவைக்கறாங்க.

கடல் மட்டம் ஏற ஏற கரை பின்னாடி நகரப் பாக்கும். அதுக்கு எடம் விட்டா மணலும் கூடவே வரும், சுவர் வெச்சு மறிச்சா கரையே இருக்காது. அப்பா மனைக்கு முன்னாடி மணல்மேடு இருந்தா தயவுசெஞ்சு ஜேசிபி விட்டு சமன் பண்ணிடாதீங்க. கொடி இருக்கான்னு போய்ப் பாருங்க, ஊதாக் கலர்ல பூத்திருக்கும், இருந்தா ஒரு போட்டோ அனுப்புங்க, அத்தைக்கு காட்டணும்.