கேசட் கடைக்காரர் பதில்கள்

(பெயரைப் போடாதீர்கள் என்று பாதிப் பேர் எழுதுகிறீர்கள். ஏன் போடவில்லை என்று மீதிப் பேர் கோபிக்கிறீர்கள். இந்த மாதம் முதல் எல்லோருக்கும் ஊர் மட்டும்.)

அண்ணாச்சி, கும்பகோணத்தில் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்ததைப் பெருமையாக எழுதுகிறீர்கள். அதுவும் திருட்டுதானே? டெலிகிராமில் படம் இறக்குகிற பையனைத் திட்ட உங்களுக்கு என்ன யோக்கியதை? – பாளையங்கோட்டை

யோக்கியதை இல்லை. அதனால்தான் திட்டுவதும் இல்லை.

1983-ல் மகாமகக் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் எட்டுக்குப் பத்து அடியில் கடை போட்டேன். இரண்டு டெக், ஒரு ரிக்கார்டு ப்ளேயர், சுவர் நிறைய எல்.பி. இசைத்தட்டு உறைகள். நோட்டிலிருந்து கிழித்த தாளில் பாட்டுப் பட்டியலோடு ஆள் வருவார், அந்தப் பாட்டுகளைத் தட்டிலிருந்து கேசட்டில் பதிந்து கொடுப்பேன். "சி-60 போதுமா, சி-90 போடலாமா?" என்று கேட்பேன். சி-60 என்றால் பக்கத்துக்கு முப்பது நிமிஷம். ஆறு பாட்டு அடங்கும், ஏழாவது சரணத்தில் ஏறும்போது டேப் தீர்ந்துவிடும். அந்த அறுந்த பாட்டைக் கேட்டே வளர்ந்தவர் ஒருவர், இன்றைக்கும் அதை முழுசாகக் கேட்டால் அந்த இடத்தில் 'டக்' என்ற சத்தத்துக்குக் காது காத்திருக்கிறது என்றார்.

சட்டப்படி தப்பு. இசையமைத்தவருக்கோ பாட்டு எழுதியவருக்கோ என் கல்லாவிலிருந்து ஒரு பைசா போனதில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். கம்பெனிகளும் அந்தக் காலத்தில் ஒரு தொகையைக் கையில் கொடுத்து மொத்த உரிமையையும் எழுதி வாங்கிக்கொள்வதுதான் வழக்கம். 2012-ல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். தியேட்டரில் படம் ஓடுவது தவிர்த்து மற்ற வழிகளில் பாட்டு சம்பாதிப்பதில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் சமபங்கு உண்டு, அதை யாரும் எழுதி வாங்கிவிட முடியாது என்று வந்தது. மாநிலங்களவையில் இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் அதற்காக நின்று பேசினார். இதனால் என் குற்றம் குறைந்துவிடாது, தெரியும்.

ஆனால் டேப் வருகிற வரை எந்தப் பாட்டுக்குப் பின்னால் எந்தப் பாட்டு என்று கம்பெனிதான் முடிவு செய்தது. என் கடைக்கு வந்த தையல்காரர் ஒருவர் ஒரே பாட்டை இரண்டு பக்கமும் திரும்பத் திரும்பப் போட்டுத் தரச் சொன்னார். காரணம் கேட்கவில்லை, போட்டுக் கொடுத்தேன். எந்தக் கம்பெனி அப்படி ஒரு ரிக்கார்டு வெளியிடும்?

'ஹேப்பி பர்த்டே' பாட்டுக்கு அமெரிக்காவில் பணம் கட்ட வேண்டியிருந்ததாம். என் வீட்டுக்காரர் சொல்கிறார். கதை விடுகிறாரா? – திண்டுக்கல்

இல்லை அம்மா, இந்த ஒரு விஷயத்தில் அவரை நம்பலாம்.

மெட்டு 1893-ல் வந்தது. கென்டக்கி மாநிலம் லூயிவில்லில் பேட்டி ஹில், மில்ட்ரெட் ஹில் என்று அக்கா தங்கை. ஒருவர் பாலர் பள்ளி ஆசிரியை. குழந்தைகள் காலையில் வகுப்புக்கு வந்ததும் பாட, 'குட் மார்னிங் டு ஆல்' என்று போட்ட மெட்டு அது. பிறந்த நாள் வார்த்தைகள் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டன. 1935-ல் ஒரு பதிப்பகம் காப்பிரைட் பதிந்தது. அது கைமாறிக் கைமாறி, 1988-ல் வார்னர் என்ற இசைக் கம்பெனி வசம் வந்தது. வீட்டில் கேக் வெட்டிப் பாடினால் யாரும் கேட்க மாட்டார்கள். படத்தில் ஒரு காட்சியில் பாடினால் பில் வரும். அமெரிக்க ஓட்டல்கள் சில, சிப்பந்திகள் கைதட்டிப் பாட சொந்தமாக வேறு பாட்டே கட்டி வைத்திருந்தன.

இந்தப் பாட்டைப் பற்றியே ஆவணப்படம் எடுக்கப் போன ஜெனிஃபர் நெல்சனிடம் 1,500 டாலர் வாங்கினார்கள். அவர் 2013-ல் வழக்குப் போட்டார். இனிமேல்தான் ஜெராக்ஸ் கடைக்காரனுக்குப் பிடித்த இடம். (கேசட் போன பிறகு நான் ஜெராக்ஸ்தான்.) 2015-ல் கம்பெனி தன் டிஜிட்டல் சேமிப்பிலிருந்து கொடுத்த ஆவணங்களில் 1927-ல் அச்சான ஒரு பள்ளிப் பாட்டுப் புத்தகத்தின் ஸ்கேன் இருந்தது. பாட்டின் தலைப்புக்குக் கீழே ஒரு வரி மங்கி, படிக்க முடியாமல் இருந்தது. ஸ்கேனில் அப்படி நடப்பதுண்டு. ஆனால் மங்கின வரியைப் பார்த்தால் வேறு பிரதியைத் தேடு என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். வக்கீல்கள் தேடினார்கள். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் அதே புத்தகத்தின் 1922 பதிப்பு அகப்பட்டது. அந்த வரி அதில் பளிச்சென்று இருந்தது. இன்ன பதிப்பகத்தின் தனி அனுமதியோடு என்று மட்டும் அச்சாகியிருந்தது, காப்பிரைட் அறிவிப்பைக் காணோம். அறிவிப்பு இல்லாமல் அச்சிட்டால் அந்தக் காலத்து அமெரிக்கச் சட்டப்படி உரிமை போய்விடும்.

2015 செப்டம்பரில் நீதிபதி, கம்பெனி கையில் இருப்பது ஒரு பியானோ அமைப்புக்கான உரிமைதான், பாட்டின் வரிகள் அல்ல என்று சொல்லிவிட்டார். மறு வருஷம் 1 கோடியே 40 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆயிற்று. உங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு துண்டு கேக் அதிகமாகக் கொடுங்கள்.

பாரதியார் பாட்டு ஒன்றைத் தம்புரா மட்டும் வைத்துப் பாடி இணையத்தில் போட்டேன். பத்து நிமிஷத்தில் 'இந்த இசை ஒரு நிறுவனத்துக்குச் சொந்தம்' என்று அறிவிப்பு வந்துவிட்டது. பாரதி நாட்டுடைமைதானே, ஐயா? – சிதம்பரம்

நாட்டுடைமைதான். ஆனால் அவரே ஒரு காலத்தில் தனியார் உடைமையாக இருந்தவர்.

1921-ல் பாரதி இறந்தார். அவர் பாட்டுகளை ரிக்கார்டிலும் வானொலியிலும் பயன்படுத்தும் உரிமை ஒரு வியாபாரியிடம் போய், அவரிடமிருந்து 1940-களில் ஏவி.எம். மெய்யப்பச் செட்டியாருக்கு வந்தது. 1947-ல் 'நாம் இருவர்' படத்தில் டி.கே.பட்டம்மாள் குரலில் 'ஆடுவோமே பள்ளுப் பாடுவோமே' வந்ததைச் சொல்ல வேண்டியதே இல்லை. டி.கே.எஸ். சகோதரர்கள் தங்கள் 'பில்ஹணன்' படத்தில் ஒரு பாரதி பாட்டைச் சேர்த்தபோது தகராறு கோர்ட் வரை போனது. பாரதி பாட்டைப் பாட ஒரு சினிமா கம்பெனியிடம் அனுமதியா என்று ஊர் கொதித்தது. எழுத்தாளர்கள் கூட்டம் போட்டார்கள். 1949-ல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அரசாங்கம் உரிமையை எடுத்துக்கொண்டது. செட்டியார் தன் பங்கைக் காசு வாங்காமல் விட்டுக்கொடுத்தார், அதையும் சொல்ல வேண்டும். 1955-ல் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், பாடலாம் என்றாகிவிட்டது.

இவ்வளவு பெரிய சண்டை போட்டு வாங்கியதை உங்களிடமிருந்து பத்து நிமிஷத்தில் பிடுங்கியது ஒரு இயந்திரம். கம்பெனிகள் தங்களிடம் உள்ள ஒலிப்பதிவுகளை நீங்கள் பாட்டை ஏற்றுகிற மாதிரித் தளங்களிடம் கொடுத்து வைத்திருக்கும். அந்த இயந்திரம் ஒவ்வொன்றுக்கும் கைரேகை மாதிரி ஓர் ஒலிரேகை எடுத்து வைக்கும். நீங்கள் ஏற்றுவதை அதோடு ஒட்டிப் பார்க்கும். அதே ராகம், அதே மெட்டு, அதே சுருதி என்றால் சில சமயம் 'இவரேதான்' என்று தவறாகச் சொல்லிவிடும். வரிகள் பொது, ஒலிப்பதிவு தனியார் உடைமை என்ற வித்தியாசமெல்லாம் அதற்கு எட்டாது.

என் தங்கை மகள் சென்ற மார்கழியில் ஒரு தியாகராஜ கீர்த்தனையை வீட்டுக் கொலுக்கூடத்தில் பாடிப் போட்டாள். பாதியில் சத்தம் நின்றுபோய் வாய் மட்டும் அசைந்தது. தியாகராஜர் 1847-ல் சமாதியானவர்! நாங்கள் ஆட்சேபம் எழுதிப் போட்டோம். அதை முதலில் பார்த்து முடிவு சொல்வது யார் என்று நினைக்கிறீர்கள்? உரிமை கோரிய கம்பெனியேதான். கட்சிக்காரனே நாட்டாமை. எங்கள் விஷயத்தில் மூன்று வாரம் கழித்துச் சத்தம் திரும்ப வந்தது. மார்கழி போய்விட்டது.

நீங்களும் ஆட்சேபியுங்கள். "வரிகள் பொதுவுடைமை, குரல் என்னுடையது, வேறு ஒலிப்பதிவு எதையும் பயன்படுத்தவில்லை" என்று மூன்றே வரி போதும். மெட்டைப் போட்டவர் சமீப காலத்து இசையமைப்பாளர் என்றால் மட்டும் கதை வேறு. மெட்டுக்கு அவருக்கு உரிமை உண்டு.

மின்னூல் வாங்கலாமா, அச்சுப் புத்தகமா? – சேலம்

இரண்டும் வாங்குங்கள். ஆனால் மின்னூலில் 'வாங்கு' என்ற பொத்தான் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். 2009 ஜூலையில் அமேசான் தன் கிண்டில் கருவிகளிலிருந்து, காசு கொடுத்தவர்கள் கையில் இருந்தபோதே, ஒரு நாவலை அழித்தது. விற்றவருக்கு உரிமை இல்லை என்று காரணம் சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், தலைவர் மன்னிப்பும் கேட்டார். அழிந்த நாவல், ஆர்வெலின் '1984'. அரசாங்கம் பழைய பேப்பரையெல்லாம் பொந்தில் போட்டு எரிக்கிற கதை! என் பரணில் இருக்கிற புத்தகத்தைக் கரையான்தான் எடுக்க முடியும்.

சங்க இலக்கியம் முதல் எல்லாமே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறதே, யார் செலவில்? – கரூர்

கண் வலியும் முதுகு வலியும் செலவாகும். அதைக் கொடுத்தவர்கள் தன்னார்வலர்கள்.

மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் இருந்த விஞ்ஞானி கு.கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் இருந்த குமார் மல்லிகார்ஜுனனும் முன்னின்றார்கள். பல நாட்டுத் தமிழர்கள் இராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து தட்டினார்கள். ஒருவர் தட்ட, இன்னொருவர் பிழை பார்க்க, இணையத்தில் ஏற்றி யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். இலங்கைத் தமிழ் நூல்களுக்கு 2005 முதல் 'நூலகம்' இருக்கிறது. 1981-ல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை நினைத்துக்கொண்டு அந்தத் தளத்தைத் திறந்து பாருங்கள்.

அப்போது எழுத்துருவே ஒரு பூட்டு. ஒவ்வொரு பத்திரிகையின் தளத்துக்கும் தனித்தனி எழுத்துரு. ஒன்றில் அடித்ததை இன்னொன்றில் திறந்தால் ஒரே கிறுக்கல். கல்யாணசுந்தரம் 'மயிலை' என்ற எழுத்துருவை உருவாக்கிச் சும்மாவே கொடுத்தார். பிறகு யூனிகோட் வந்து எல்லாக் கணினிக்கும் ஒரே 'அ' ஆயிற்று.

நான் பட்டது வேறு. டி.டி.பி. (கணினியில் பக்கம் அடித்து வடிவமைக்கிற வேலை) செய்த காலத்தில் காசு கொடுத்து ஒரு தமிழ் மென்பொருள் வாங்கினேன். பிரிண்டர் சொருகுகிற இடத்தில் தீப்பெட்டி அளவில் ஒரு 'லாக்' செருகினால்தான் வேலை செய்யும். எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் கும்பகோணத்து வெற்றிலைக் கொடிக்கால்களைப் பற்றிக் கையால் எழுதிய 140 பக்கத்தை அதில் அடித்து வைத்தேன். லாக் பழுதானது. கம்பெனியை மூடிவிட்டார்கள். கோப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது, திறந்தால் டாலர் குறியும் ஆச்சரியக்குறியுமாகக் கொட்டுகிறது. கையெழுத்துப் பிரதியைப் பெரியவர் வீட்டில் பழைய பேப்பருக்குப் போட்டுவிட்டார்கள்.

எங்கள் கல்லூரி வாசலில் பாடப் புத்தகத்தை ஜெராக்ஸ் எடுப்பது குற்றமா? – புதுச்சேரி

டெல்லி பல்கலைக்கழகத்துக்குள் இருந்த ராமேஸ்வரி ஜெராக்ஸ் கடை மேல் 2012-ல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்டு ஃபிரான்சிஸ் என்று மூன்று பதிப்பக மலைகள் சேர்ந்து வழக்குப் போட்டன. பேராசிரியர்கள் குறித்துக் கொடுத்த அத்தியாயங்களை மாணவர்களுக்குத் தொகுத்துப் பிரதி எடுத்தது கடையின் குற்றம். 2016 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம், கல்வி போதிக்கும் வேலையில் எடுக்கிற பிரதிக்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது என்றது. அப்பீல் போய், டிசம்பரில் சில விவரங்களை மறுபடி விசாரிக்கச் சொன்னார்கள். 2017-ல் பதிப்பகங்களே வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டன. அன்றைக்கு என் கடையில் டீ என் செலவு.

அதற்காக நாவலை முழுசாக எடுத்து பைண்டு பண்ணி விற்கலாம் என்று அர்த்தமில்லை.

என் அப்பா 80-களில் கோயில் திருவிழாவில் பதிவு செய்த கேசட்டுகள் வீட்டில் இருக்கின்றன. கணினியில் ஏற்ற முடியுமா? இணையத்தில் போடலாமா? – மன்னார்குடி

ஏற்றலாம். முதலில் கேசட்டை ஓட்டாதீர்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். டேப்பின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தால் பூஞ்சை. கீழ் விளிம்பில் நடுவே செம்புத் தகட்டில் ஒரு சின்னப் பஞ்சு ஒட்டியிருக்கும். பழைய கேசட்டில் அது உதிர்ந்திருக்கும். அது இல்லாமல் ஓட்டினால் சத்தம் தண்ணீருக்குள் இருந்து வருகிற மாதிரி வரும். உதவாத கேசட் ஒன்றின் திருகுகளைக் கழற்றிப் பஞ்சை எடுத்து இதில் வையுங்கள். பிறகு பென்சிலை விட்டு ஒரு முழுச் சுற்று கையால் சுற்றித் தளர்த்துங்கள். அப்புறம் டெக்கின் ஹெட்போன் துளையிலிருந்து கணினிக்கு ஒரு வயர், அவ்வளவுதான்.

இணையத்தில் போடுவது இரண்டாவது கேள்வி. போன மாதம் எனக்கே வந்த சங்கடம் இது. 1987-ல் ஒரு சுவாமி புறப்பாட்டில் நான் எடுத்த நாகஸ்வரப் பதிவு ஒன்று இருக்கிறது. பதிவு என்னுடையது, வாசிப்பு அவருடையது. வித்வான் இன்று இல்லை. பேரன் திருவாரூர்ப் பக்கம் இருக்கிறார் என்று விசாரித்து, பென் டிரைவில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். மல்லாரி (சுவாமி புறப்படும்போது வாசிப்பது) முடிந்ததும் மூச்சு வாங்கியபடி தாத்தா தவில்காரரிடம், "ஏம்ப்பா, காபி வந்துதா?" என்கிறார். இரண்டு விநாடிதான். பேரன் அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டினார்.

இணையத்தில் ஏற்றலாமா என்று கேட்டதற்கு, "மல்லாரியை உங்க இஷ்டம் போலப் போடுங்க சார்" என்றார். "அந்தக் காபி மட்டும் வேணாம். அதைத் தனியா வெட்டி எனக்கு அனுப்பிடுங்க."