பள்ளி திறக்கும் வாரம்: நாய்க்குட்டியை எத்தனை மணி நேரம் தனியே விடலாம்?

கேள்வி: பிள்ளைகளின் நச்சரிப்பு தாங்காமல் விடுமுறையில் ஒரு நாய்க்குட்டி வாங்கினோம். ‘டீகப் பொமரேனியன், இரண்டு மாதம் முடிந்துவிட்டது, எல்லா ஊசியும் போட்டாயிற்று’ என்று சொல்லிக் கொடுத்தார்கள். வாங்கி மூன்று வாரம் ஆகிறது. எடை 700 கிராம். கடைவாய்ப் பற்கள் இப்போதுதான் முளைக்கின்றன. திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. மகனுக்கு வயது 11, மகளுக்கு 6. நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். காலை 8 மணி முதல் பிற்பகல் 3.30 வரை வீட்டில் யாரும் இல்லை. கூண்டில் விட்டால் மூத்திரத்தை அடக்கிக்கொள்ளப் பழகிவிடும் என்கிறார் விற்றவர். இல்லாவிட்டால் அவருக்குத் தெரிந்த பயிற்சி முகாமில் இரண்டு வாரம் விடலாமாம். இப்போதே சீருடை, புத்தகப் பை எதையும் விடுவதில்லை. நேற்று மகளின் கையில் பல் பட்டுக் கீறல். என்ன செய்வது? மகன் குட்டியைப் பள்ளி வாசல் வரை கூட்டிவர வேண்டும் என்கிறான், வரலாமா?

பதில்: கீறலை முதலில் பார்ப்போம், மற்றதெல்லாம் காத்திருக்கும். சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவியிருக்க வேண்டும். கழுவாவிட்டால் இப்போதாவது கழுவுங்கள். ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) பயம் இருப்பதால் இன்றே மகளை மருத்துவரிடம் காட்டுங்கள். நாய் மருத்துவரிடம் அல்ல, பிள்ளைகள் மருத்துவரிடம். ‘சின்னக் குட்டிதானே, பால்பல்தானே’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ‘பத்து நாள் குட்டியைக் கவனித்துவிட்டு முடிவு செய்யலாம்’ என்று சிகிச்சையைத் தள்ளிப்போடவும் வேண்டாம். எல்லா ஊசியும் போட்ட குட்டி என்று நீங்கள் நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

ஏன் என்று சொல்கிறேன். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் ரத்தத்தில் சில வாரங்கள் இருக்கும். அது இருக்கும்வரை தடுப்பூசி சரியாக வேலை செய்யாது. எந்த வாரத்தில் அது தீரும் என்று வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாததால்தான் 6 முதல் 8 வாரத்துக்குள் தொடங்கி, சில வார இடைவெளியில், 16 வாரம் ஆகும்வரை திரும்பத் திரும்பப் போடுகிறோம். ரேபிஸ் ஊசி வழக்கமாக மூன்று மாதம் ஆன பிறகுதான். ஆகவே இரண்டு மாதக் குட்டிக்கு ‘எல்லா ஊசியும்’ போட்டிருக்க வழியே இல்லை. விற்றவர் தந்த தடுப்பூசிப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய சீட்டு, அதில் தொகுதி எண், காலாவதித் தேதி, பக்கத்தில் மருத்துவரின் கையெழுத்தும் பதிவு எண்ணும் இருக்கிறதா? வெறும் ரப்பர் முத்திரையும் தேதியும் மட்டும் என்றால் அது புத்தகம் அல்ல, காகிதம்.

இந்த இடத்தில் கால்நடை மருத்துவர்களான எங்கள் ஆட்களையும் சொல்லித்தான் ஆக வேண்டும். குட்டியைக் கண்ணால் பார்க்காமலே கையெழுத்துப் போட்ட வெற்றுப் புத்தகங்களைத் தரகர்களிடம் கட்டாகக் கொடுக்கிறவர்கள் என் தொழிலில் இருக்கிறார்கள். ஒரு சிம் கார்டு வாங்கப் போனால் ஆயிரம் கேள்வி கேட்கிறார்கள். கண் திறந்து மூன்று வாரம்கூட ஆகாத உயிரைத் துணிப்பையில் போட்டு விற்கிறவனை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. சட்டம் இருக்கிற இடத்திலும் அதைப் பார்க்க ஆள் இருப்பதில்லை. சரி, அதை விடுங்கள்.

இப்போது வயதுக்கு வருவோம், உங்கள் கேள்விக்கான பதிலே அதில்தான் இருக்கிறது. குட்டிக்கு மொத்தம் 28 பால்பற்கள். எட்டு வாரத்தில் பெரும்பாலும் எல்லாம் வெளியே வந்திருக்கும். உங்கள் குட்டிக்கு விற்றவர் கணக்குப்படி 11 வாரம், ஆனால் கடைவாய்ப் பல் இப்போதுதான் முளைக்கிறது. வாங்கியபோது அதற்கு ஐந்து வாரம்தான் ஆகியிருக்கும் என்பது என் சந்தேகம். ‘டீகப்’ என்ற சொல்லும் அதைத்தான் சொல்கிறது. டீகப் என்று ஒரு தனி இனம் கிடையாது, எந்த நாய்ச் சங்கமும் அப்படி ஒன்றை ஏற்கவில்லை. நோஞ்சான் குட்டி, வயது குறைந்த குட்டி, வயிறு முழுக்கப் பூச்சி இருக்கிற குட்டி, இந்த மூன்றையும் ஒரே பெயரில் கூடுதல் விலைக்கு விற்கிற தந்திரம் அது.

வயதை ஏன் இவ்வளவு குடைகிறேன் என்றால், பகலில் ஒரு குட்டி எத்தனை மணி நேரம் அடக்கும் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. வயதை மாதத்தில் எண்ணி, ஒன்றைக் கூட்டுங்கள். இரண்டு மாதத்துக்கு மூன்று மணி நேரம், மூன்று மாதத்துக்கு நான்கு. அதுவும் உச்சவரம்பு. தூங்கி எழுந்ததும், தின்று கால் மணி நேரத்திலும், விளையாட்டின் நடுவிலும் இந்தக் கணக்கு செல்லாது. உங்கள் வீட்டில் காலியாக இருக்கும் நேரம் ஏழரை மணி. கூண்டில் போட்டால் பழகும் என்று விற்றவர் சொன்னது எப்படி என்றால், கட்டிலோடு சேர்த்துக் கட்டினால் பச்சைக் குழந்தை படுக்கையை நனைக்காது என்பது போல. மூத்திரப்பை வளர மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் பூட்டி வைத்தால் குட்டி தன் படுக்கையிலேயே மூத்திரம் போகப் பழகும், பிறகு அந்தப் பழக்கத்தை மாற்ற உங்களால் ஆகாது.

பயிற்சி முகாம் வேண்டவே வேண்டாம். ஊசி முடியாத குட்டியை, எங்கிருந்தோ வந்த இருபது நாய்களின் நடுவே விடுவது குட்டிகளின் குடலைத் தாக்கும் பார்வோ வைரஸுக்கு அழைப்பு வைப்பது. அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். குட்டியிடம் ரத்தக் கழிச்சல் தெரியும்போது முகாம்காரர் உங்களுக்குப் போன் செய்வார், ‘வரும்போதே இருந்ததுங்க’ என்பார். விற்கிறவரும் பழக்குகிறவரும் ஒரே ஆளின் இரண்டு கைகளாக இருப்பதை நான் பலமுறை பார்த்துவிட்டேன்.

அப்படியானால் திங்கட்கிழமை என்ன செய்வது? நடுவில் ஆள் வர வேண்டும். பதினொரு மணிக்கு ஒருமுறை, ஒன்றரைக்கு ஒருமுறை. பக்கத்து வீட்டுப் பெரியவர், தாத்தா பாட்டி, சம்பளத்துக்கு நம்பிக்கையான ஒருவர், யாராக இருந்தாலும் சரி. வந்து வெளியே விட்டு, தீனி வைத்து, பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போனால் போதும். யாருமே இல்லை என்றால் நீங்கள் இருவரும் வேலை நேரத்தை முன்னே பின்னே நகர்த்துங்கள், ஒருவர் மதியம் வீட்டுக்கு வாருங்கள். சில மாதப் பாடு. அதுவும் முடியாதென்றால் பகலில் ஆள் இருக்கிற உறவினர் வீட்டில் அதுவரை வளரட்டும். விற்றவரிடம் மட்டும் திருப்பிக் கொடுக்காதீர்கள். அடுத்த வாரம் அதே குட்டி, அதே ‘இரண்டு மாதம்’.

தனியாக இருக்கும் நேரத்தில் கூண்டு வேண்டாம். சமையலறை மூலையோ வராந்தாவோ, தடுப்பு வைத்து ஒரு சின்ன இடம். ஒரு பக்கம் படுக்கையும் தண்ணீரும், எதிர்மூலையில் பழைய செய்தித்தாள். இன்றிலிருந்தே ஒத்திகை பாருங்கள். பையை மாட்டிக்கொண்டு, செருப்பைப் போட்டு, கதவைச் சாத்தி, இரண்டு நிமிடத்தில் திரும்பி வாருங்கள். பிறகு ஐந்து, பிறகு இருபது. கிளம்பும்போது பிள்ளைகள் கட்டிப்பிடித்து அழுது விடைபெறும் காட்சி மட்டும் கூடாது.

ஒரு விஷயத்தில் உங்கள் குட்டி மற்றக் குட்டிகளைப் போல அல்ல. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இவ்வளவு சின்னக் குட்டியின் உடம்பில் சர்க்கரையைச் சேர்த்துவைக்க இடமே இல்லை. பெரிய இனக் குட்டி ஒருவேளை தின்னாவிட்டால் பசியோடு இருக்கும், இது மயங்கி விழும். பள்ளி திறக்கும் நாளில் வழக்கமாக நடப்பது என்ன? காலைப் பரபரப்பில் தட்டு வைத்தோமா இல்லையா என்று யாருக்கும் நினைவிருக்காது, குட்டியும் சத்தத்தில் பயந்து பாதியில் விட்டுவிடும், மதியம் வரை வயிறு காலி. தள்ளாட்டம், நடுக்கம், கண் ஓரிடத்தில் நிலைகுத்துவது, கூப்பிட்டால் திரும்பாமை, கடைசியில் வலிப்பு. முதல் அறிகுறியிலேயே தேனையோ கெட்டியான சர்க்கரைக் கரைசலையோ விரலில் தொட்டு ஈறில் தடவுங்கள். வாய்க்குள் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். துணியில் சுற்றிச் சூடாக வைத்து உடனே மருத்துவரிடம் போங்கள். தெளிந்துவிட்டதே என்று வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள், மறுபடி இறங்கும். ஒரு நாளைக்கு ஐந்து ஆறு தடவை, கொஞ்சம் கொஞ்சமாகத் தீனி. தின்றதா என்று பார்க்கும் பொறுப்பு பெரியவர் ஒருவருடையது, பிள்ளைகளுடையது அல்ல. பதினொரு மணிக்கு ஆள் வர வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது மூத்திரத்துக்காக மட்டும் இல்லை.

காலை நேரத்தைப் பொறுத்தவரை, எல்லாரையும் விட அரை மணி நேரம் முன்னால் எழுந்திருங்கள். குட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே வெளியே. பிறகு தீனி, மறுபடி வெளியே. அதன்பிறகு அது தடுப்புக்குள் போய்விட வேண்டும். சீருடை, சாக்ஸ், ஷூ எல்லாம் அதற்குப் பின்புதான் அறைக்கு வெளியே வரலாம். புத்தகப் பை ஆணியில் தொங்கட்டும். பல்குறிக்காக மட்டும் சொல்லவில்லை. சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் இருக்கும் சைலிட்டால் அரை மணி நேரத்தில் நாயின் ரத்தச் சர்க்கரையைக் கீழே தள்ளிவிடும். சாக்லேட்டும் உலர்திராட்சையும் நஞ்சு. அழிப்பானும் ஒற்றைச் சாக்ஸும் குடலை அடைக்கும்.

மாலையில் கடிப்பது கோபத்தால் அல்ல. இந்த வயதில் குட்டி நாளுக்கு 18 முதல் 20 மணி நேரம் தூங்க வேண்டும். பிள்ளைகள் வந்ததும் அதற்குத் தூக்கம் போய்விடுகிறது, அசந்துபோன குட்டி கண்டதையும் கடிக்கும். இருபது நிமிடம் விளையாடட்டும், பிறகு படுக்க வையுங்கள். கடிக்க வந்தால் மகள் ஓடக் கூடாது, கத்தக் கூடாது, கையைக் கட்டிக்கொண்டு மரம் மாதிரி நிற்கட்டும். ஆறு வயதுப் பிள்ளையையும் குட்டியையும் தனியே ஓர் அறையில் விடாதீர்கள், ஒரு நிமிடம்கூட. தரையில் மூத்திரம் போய்விட்டால் அதன் மூக்கை அதில் தேய்க்காதீர்கள். திட்டும்போது அது முகத்தைத் தொங்கப்போடுவது உங்கள் குரலுக்குப் பயந்து, செய்த தப்பு புரிந்து அல்ல.

இந்த வாரத்துக்குள்ளேயே மருத்துவரிடம் போய்ப் பல்லைக் காட்டி வயதை எழுதி வாங்குங்கள். ஊசியை முதலிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள், பழைய புத்தகத்தை நம்பி மிச்சத்தை மட்டும் போடச் சொல்லாதீர்கள். பூச்சி மருந்தும் கேளுங்கள். தாயின் வயிற்றிலிருந்தே உருண்டைப் புழுவோடு பிறக்கும் குட்டிகள் ஏராளம், அது பிள்ளைகளுக்கும் தொற்றும்.

பள்ளி வாசல் விஷயம். வரலாம், கையில் ஏந்தியபடி. மூன்று வாரத்திலிருந்து மூன்று மாதம் வரைதான் புதிய சத்தம், புதிய முகம், வண்டி, மணியோசை எல்லாவற்றையும் குட்டி பயமில்லாமல் ஏற்றுக்கொள்ளும் காலம். ஊசி முடியட்டும் என்று நான்கு மாதம் வீட்டுக்குள் அடைத்தால் வளர்ந்தபின் நிழலைப் பார்த்தும் குரைக்கும். ஆனால் தரையில் இறக்கக் கூடாது, மற்ற நாய்களோடு மூக்கு உரசக் கூடாது. சாலைக்கு இந்தப் பக்கமே நின்று மகன் கையசைத்து உள்ளே போகட்டும். மகனின் வகுப்பே வந்து தூக்கிப் பார்க்கட்டும் என்று கேட்பான், முடியாது என்று சொல்லிவிடுங்கள்.