சாமி பெயரைச் சொல்லிப் பிள்ளையைத் துரத்தாதீர்கள்

கேள்வி: ஐயா, தாய்லாந்தில் ஆணும் ஆணும் திருமணம் பதிந்த செய்தியைப் போன இதழில் போட்டீர்கள். நம் இளைஞர்கள் கெட்டுப்போகவா? நாளைக்கு நம் தோட்டத்து மாரியம்மன் கோயிலிலும் தாலி கட்ட வந்து நிற்பார்கள். நம் சமயம் இதை ஏற்காது என்று எழுத உங்களுக்குத் தைரியம் உண்டா? – ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: கோயிலைப் பற்றிய பயத்தை முதலில் விடுங்கள். 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டப்படி இங்கே மலேசியாவில் ஆணுக்கும் பெண்ணுக்கும் நடக்காத திருமணம் செல்லாது. ஆணோடு ஆண் உறவு வைத்தாலே 20 ஆண்டு வரை சிறை, பிரம்படி. இந்த நிலையில் உங்கள் கோயில் கமிட்டியிடம் தேதி கேட்டு யார் வரப்போகிறார்கள்? தாய்லாந்தில் 2025 ஜனவரி 22 முதல் நடப்பதும் மாவட்ட அலுவலகப் பதிவுதான். அந்தச் சட்டம் எந்தப் பிக்குவையும் மந்திரம் ஓதச் சொல்லவில்லை.

சாமி முன்னால் நடப்பது வேறு, அரசாங்கப் பதிவு வேறு. இது தோட்டத்துக்காரர்களுக்குத் தெரியாததா? 1976 சட்டம் 1982 மார்ச்சில் நடப்புக்கு வரும்வரை கோயிலில் தாலி கட்டினால் போதும், அதற்குப் பிறகும் பதியாமலே குடும்பம் நடத்தியவர்கள் எத்தனையோ பேர். புருஷன் செத்த பிறகு சேமநிதிப் பணத்துக்கும் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்துக்கும் அலைந்து, கடைசியில் முகப்பிடத்தில் கழுத்துத் தாலியை வெளியே எடுத்துக் காட்டி அழுத ஒரு அம்மாவோடு நானே போயிருக்கிறேன். மாரியம்மன் சாட்சியாக நடந்த அந்தக் கல்யாணம் பொய்யா? இல்லை. சூராட் இல்லை, அரசாங்கப் பத்திரம் இல்லை, அவ்வளவுதான். தாய்லாந்தில் அந்த ஜோடிகள் கேட்டு வாங்கியதும் அந்தச் சூராட்டைத்தான்: ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடந்தால் மற்றவர் கையெழுத்துப் போட, செத்தால் சொத்து வந்து சேர.

அப்புறம், 'நம் சமயம்' என்கிறீர்கள். ஒரே தலைவர், ஒரே நூல் என்று கைகாட்ட நம்மிடம் எதுவும் கிடையாது. 2018 அக்டோபரில் தூத்துக்குடிக் கோயில் ஒன்றில் ஓர் ஆணுக்கும் திருநங்கைக்கும் கல்யாணம் நடந்தது. கோயில் நடத்திவைத்ததைப் பதிவு அலுவலகம் ஏற்க மறுத்தது, 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளைதான் 'மணமகள்' என்ற சொல்லில் திருநங்கையும் அடக்கம் என்று சொல்லிப் பதியவைத்தது. இது ஒருபாலினத் திருமணம் இல்லை; ஒருபாலினத் திருமணத்தை இந்திய உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் ஏற்கவில்லை, நாடாளுமன்றம் முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டது. சரி, உங்கள் மனமும் ஏற்கவில்லை என்றால் அது உங்கள் உரிமை. கோயிலில் என்ன சடங்கு என்பதைப் பக்தர்கள் பேசி முடிவு செய்யட்டும், அதில் நான் தலையிடமாட்டேன்.

ஆனால் இளைஞர்கள் கெட்டுப்போவார்கள் என்று எழுதினீர்களே, அங்கேதான் எனக்கு மனம் கொதிக்கிறது. எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளுக்குப் பின்வரிசையில் ஒரு பையன் இருந்தான், பதினாலு வயதிலிருந்து வருஷம் தவறாமல் பால்குடம் எடுத்தவன், விரதத்தில் கோப்பி கூடத் தொடமாட்டான். விஷயம் தெரிந்த அன்று ராத்திரியே அவன் அப்பா, "சாமிக்கு ஆகாதவன் எனக்கும் ஆகாது" என்று துணிப்பையை வாசலில் எறிந்தார். இப்போது ஜொகூரில் எங்கோ வேலை செய்கிறான். அவன் அம்மா மாதம் ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்து என் மனைவியின் போனில்தான் அவனோடு பேசுகிறார், தன் போனில் பேசினால் புருஷன் பார்த்துவிடுவார் என்று. போன தைப்பூசத்தில் அவனுக்கான பால்குடத்தை அந்த அம்மாவே தூக்கிக்கொண்டு நடந்தார்.

நீங்கள் கேட்ட வரியை எழுதமாட்டேன், ஐயா. அந்த அம்மா நம் பத்திரிகையின் வாசகி.