படகுக் காப்புறுதி: கொட்டேஷனில் விலைக்குக் கீழே உள்ள வரிகள்

கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் வார இறுதிக்கென்று படகு வைத்திருப்பவர்கள் காப்புறுதி பற்றி என்னிடம் கேட்க விரும்பியதை அனுப்பச் சொல்லியிருந்தேன். பெரும்பாலானவை விலையைப் பற்றியவை. கடல்சார் காப்புறுதியில் தரகராக வேலை செய்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி (வெள்ளவத்தை): அண்ணா, என்னிடம் 18 அடி ஃபைபர் போட் ஒன்றும் 60 குதிரைவலு அவுட்போர்ட் எஞ்சினும் இருக்கின்றன. இரண்டும் சேர்த்து 60 இலட்சம் பெறும். பொல்கொட வாவியில் மட்டும்தான் ஓட்டுகிறோம். மூன்று கொட்டேஷன் வந்திருக்கிறது. முதலாவது 72,000 ரூபாய்: சந்தைப் பெறுமதி, எக்செஸ் (நட்டத்தில் நாமே ஏற்க வேண்டிய தொகை) ஒரு இலட்சம், மூன்றாம் தரப்புப் பொறுப்பு 10 இலட்சம். இரண்டாவது 96,000: ஒப்புக்கொண்ட (முன்கூட்டியே பொலிசியில் எழுதிய) பெறுமதி, எக்செஸ் 50,000, பொறுப்பு 50 இலட்சம், உள்நாட்டு நீர்நிலை மட்டும். மூன்றாவது 114,000: இரண்டாவதைப் போலவேதான், ஆனால் கடலிலும் 5 கடல் மைல் வரை போகலாம். மூன்றின் பிரதியும் அனுப்பியிருக்கிறேன். முதலாவதை எடுக்கட்டுமா?

பதில்: தம்பி, முதலாவது கொட்டேஷனின் அடியில் சிறிய எழுத்தில் உள்ளதைப் பாருங்கள். அந்த 72,000 வற் சேர்க்காத தொகை. மற்ற இரண்டிலும் வரிகள் எல்லாம் உள்ளடக்கம். 18 வீத வற் போட்டால் முதலாவது 84,960 ஆகிவிடும். ஆக, முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் உள்ள வித்தியாசம் 11,040 ரூபாய்தான்.

இப்போது ஒரு விபத்தை வைத்துக் கணக்குப் பார்ப்போம். பின்னால் எடுக்கும்போது இறங்குதுறைத் தூணில் இடித்து எஞ்சினின் கீழ்ப்பகுதி உடைகிறது. மாற்ற 4 இலட்சம் செலவு. பழைய பாகத்துக்குப் பதில் புதியது போடும்போது அவுட்போர்ட் எஞ்சினுக்கு மூன்றிலொரு பங்கு வரை கழிக்கலாம் என்று முதலாவதில் ஒரு வரி இருக்கிறது. அதன்படி 133,333 போய்விடும். எக்செஸ் ஒரு இலட்சமும் போனால் உங்கள் கைக்கு வருவது 166,667. இரண்டாவதில் அந்தக் கழிவு இல்லை, எக்செஸ் போக 350,000 வரும். ஒரே விபத்தில் 183,333 ரூபாய் வித்தியாசம். வருடம் 11,040 மிச்சம் பிடித்து அதை ஈடுகட்ட 16 வருடத்துக்கு மேல் எடுக்கும்.

பாணந்துறை முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குப் போகும் எண்ணமே இல்லையென்றால் மூன்றாவது தேவையில்லை. இரண்டாவதை எடுங்கள். ஆனால் கையெழுத்து வைக்க முன், மூன்றாம் தரப்புப் பொறுப்பை ஒரு கோடியாக உயர்த்த எவ்வளவு என்று கேளுங்கள். படகின் உடலுக்கான கட்டணத்தோடு ஒப்பிட்டால் இந்த மேலதிகம் பெரும்பாலும் சிறியதாகவே இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் பொல்கொடவில் சிறு வள்ளத்தில் தூண்டில் போடுகிறவர்களும் இருப்பார்கள், கரையோரம் நீந்தும் பிள்ளைகளும் இருப்பார்கள். உடைந்த போட்டை எப்படியாவது தேற்றிக்கொள்ளலாம். உங்கள் புரொப்பெல்லரால் ஒரு பிள்ளையின் கால் போனால், அந்தக் குடும்பத்துக்கு நீங்கள் கொடுக்க வேண்டியதை எங்கிருந்து எடுப்பீர்கள்? காசு இறுக்கமென்றால் எக்செஸைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டாவது பொறுப்புத் தொகையை உயர்த்துங்கள். யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

கேள்வி (பம்பலப்பிட்டி): ஒரே படகுக்கு ஏன் ஆளுக்கொரு விலை சொல்கிறார்கள்?

பதில்: மோட்டார் வாகனங்கள் ஏராளம், ஆகவே நிறுவனங்களிடம் நீண்டகாலக் கணக்கு இருக்கிறது. உல்லாசப் படகுகள் நம் நாட்டில் கொஞ்சம். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்தே விலை போடுவார்கள். பெறுமதியில் 1 முதல் 2 வீதம் என்பது உலகில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. படகின் வயது, எஞ்சின் வலு, நிறுத்தும் இடம், ஓட்டுபவரின் அனுபவம், எந்த நீர்நிலை என்பதைப் பொறுத்து அது மேலே கீழே போகும். எல்லோருக்கும் ஒரே விபரத்தை ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். ஒருவரிடம் "வாவி" என்றும் இன்னொருவரிடம் "வாவி, சில நேரம் கடல்" என்றும் சொல்லிவிட்டு விலையை ஒப்பிட்டால் அர்த்தமில்லை.

கேள்வி (தெஹிவளை): 2021இல் போட்ட பொலிசியை அப்படியே வருடா வருடம் புதுப்பித்து வருகிறேன். 40 இலட்சம். பிரச்சினை இல்லைதானே ஐயா?

பதில்: பிரச்சினை இருக்கிறது. 2021இல் டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது. 2022இல் 360ஐத் தாண்டியது. பிறகு இறங்கினாலும் பழைய இடத்துக்கு வரவே இல்லை. எஞ்சின், ரெசின், ஃபைபர் பாய் எல்லாமே இறக்குமதி. அதே போட்டை இன்று வாங்க 80 இலட்சம் தேவைப்படலாம்.

உங்கள் பத்திரத்தில் பெறுமதி முன்கூட்டியே ஒப்புக்கொள்ளப்பட்டதா என்று பாருங்கள். அப்படி இல்லையென்றால், 80 இலட்சப் பொருளை 40க்குக் காப்புறுதி செய்தவர் மிச்சப் பாதிக்குத் தானே பொறுப்பு என்பதுதான் சட்டம். 10 இலட்சம் திருத்தவேலை வந்தால் 5 இலட்சம்தான் தருவார்கள், அதிலும் எக்செஸ் போகும். ஒப்புக்கொண்ட பெறுமதியாக இருந்தால் சிறு சேதங்களில் அந்த வெட்டு வராது. ஆனால் படகு முழுதாகப் போனால் 40 இலட்சத்தோடு சரி, அந்தக் காசுக்கு அப்படியொரு போட் வாங்க முடியாது. ஒரு சர்வேயரைக் கூப்பிட்டுப் பெறுமதி அறிக்கை எடுங்கள். இந்த முறை புதுப்பிக்க முன்னரே செய்யுங்கள்.

கேள்வி (முகத்துவாரம்): பக்கத்தில் இரண்டு பேருடைய அவுட்போர்ட் எஞ்சின் களவு போய்விட்டது. என் பொலிசியில் களவு இருக்கிறது என்று ஏஜென்ட் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: வாசகத்தை வாசித்துவிட்டு நம்புங்கள். உல்லாசப் படகுகளுக்கு உலகளவில் அடிப்படையாக எடுக்கும் 1985ஆம் ஆண்டு லண்டன் இன்ஸ்டிடியூட் யாட் வாசகங்கள் (பொலிசிக்கான மாதிரி நிபந்தனைகள்) இதைத் தெளிவாகச் சொல்கின்றன. வழமையான பூட்டுத் திருகாணிகளுக்கு மேலதிகமாக, களவு தடுக்கும் பூட்டு ஒன்றால் எஞ்சின் படகோடு பிணைக்கப்பட்டிருந்தால்தான் களவுக்கு இழப்பீடு. இங்குள்ள பொலிசிகளிலும் இதே நிபந்தனை பெரும்பாலும் வேறு சொற்களில் இருக்கும்.

ஆகவே இன்றைக்கே பூட்டு வாங்குங்கள். பற்றுச்சீட்டை வைத்திருங்கள். பூட்டிய நிலையில் படம் எடுங்கள், எஞ்சின் தொடர் இலக்கமும் தெரியட்டும். களவு போனால் அன்றே பொலிஸ் முறைப்பாடு. இன்னொன்று: எஞ்சின் தானாகக் கழன்று தண்ணீருக்குள் விழுந்தால் அதே வாசகங்களின்படி பணம் கிடையாது. திருகாணிகளை ஒவ்வொரு முறையும் இறுக்கிப் பாருங்கள்.

கேள்வி (மொறட்டுவ): வேகம் பற்றி ஏதோ நிபந்தனை இருக்கிறதாமே?

பதில்: ஆம், பலர் கவனிக்காதது இது. மேலே சொன்ன வாசகங்கள், படகின் வடிவமைப்பு வேகம் 17 நொட்டுக்கு மேல் இல்லை என்ற உறுதியின் மேல் நிற்கின்றன. அது மணிக்கு சுமார் 31 கிலோமீற்றர். முதற்கேள்வி கேட்ட தம்பியின் 60 குதிரைவலு போட்டே அதைத் தாண்டிவிடும்! நீங்கள் மெதுவாகத்தான் ஓட்டுகிறீர்கள் என்பது கணக்கில்லை, போகக்கூடிய வேகம்தான் கணக்கு.

தாண்டுகிற படகுக்கு வேகப்படகு வாசகம் என்று ஒன்றைச் சேர்ப்பார்கள். அது வந்தால் சில கதவுகள் மூடும். ஓடும்போது பொலிசியில் பெயருள்ளவரோ தகுதியான வேறொருவரோ ஏறியிருந்து கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டும். திறந்த கடற்கரைக்கு அப்பால் ஆளில்லாமல் நங்கூரமிட்டு விட்ட படகு மூழ்கினாலோ அறுத்துக்கொண்டு போனாலோ இழப்பீடு இல்லை. வாவியில் மிதக்கும் மரக்கட்டையில் இடித்து புரொப்பெல்லரோ தண்டோ வளைந்தால் அதுவும் உங்கள் செலவு. வேறொரு படகிலோ இறங்குதுறையிலோ இடித்தால் கேட்கலாம். மழைக்குப் பிறகு வாவியில் எவ்வளவு கட்டை மிதக்கும் என்று மொறட்டுவக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை. இந்த இடைவெளியை மேலதிகக் கட்டணத்துக்கு அடைத்துத் தருவார்களா என்று எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி (கொட்டாஞ்சேனை): தென்மேற்குப் பருவக்காற்றில் போட்டைக் கரையில்தான் வைத்திருப்பேன். அந்த மாதங்களுக்கும் முழுக் கட்டணமா?

பதில்: தேவையில்லை. மே முதல் செப்டெம்பர் வரை கரையேற்றி வைக்கும் காலம் என்று பொலிசியில் குறிக்கச் சொல்லுங்கள், கட்டணம் குறையும். ஆனால் குறித்தபின் ஒரு போயா லீவில் வானம் வெளித்திருக்கிறதே என்று இறக்கினீர்களோ, அன்றைக்குப் பாதுகாப்பு இல்லை. அந்த மாதங்களில் கிழக்குக் கடல் அமைதியாக இருப்பதால் சிலர் ட்ரெயிலரில் திருகோணமலைக்குக் கொண்டுபோவார்கள். அப்படியென்றால் திருகோணமலையையும் தரைவழிப் பயணத்தையும் பத்திரத்தில் எழுத வேண்டும். ட்ரெயிலர் வீதியில் ஒருவரை இடித்தால் அது வாகனக் காப்புறுதியின் பாடு. அங்கேயும் அறிவியுங்கள்.

கேள்வி (நீர்கொழும்பு): ஹோட்டலில் தங்கும் வெளிநாட்டவரைச் சில வேளைகளில் களப்பில் ஏற்றிக்கொண்டு போவேன், எண்ணெய்க் காசு தருவார்கள். தனிப்பட்ட பாவனைப் பொலிசி போதுமா?

பதில்: போதாது. தயவுசெய்து உடனே நிறுத்துங்கள், அல்லது பொலிசியை மாற்றுங்கள். நண்பர்கள் சேர்ந்து எரிபொருள் போடுவது வேறு. ஹோட்டல் அனுப்பும் ஆளிடம் காசு வாங்கினால் அது வாடகை ஓட்டம், என்ன பெயர் வைத்தாலும் சரி. தனிப்பட்ட உல்லாசப் பாவனைக்கு மட்டும் என்று எழுதிய பத்திரம் அந்த நிமிடத்திலிருந்து உங்களுக்கு உதவாது. போட்டுக்கும் இல்லை, ஏறியவருக்கும் இல்லை.

வணிகப் பாவனை, பயணிகள் பொறுப்பு இரண்டும் சேர்த்த பொலிசி விலை கூடத்தான். எத்தனை பேர் ஏறலாம், எத்தனை உயிர்காப்பு அங்கி, ஓட்டுபவர் யார் என்றெல்லாம் கேட்பார்கள். கேட்கட்டும். உங்களை நம்பி ஏறியவரின் உயிருக்கு அந்தக் கேள்விகள் நல்லவை. அங்கி இல்லாமல் யாரையும் ஏற்றாதீர்கள், களப்பு ஆழமில்லை என்று சொன்னாலும்.

கேள்வி (வத்தளை): மீன்பிடிப் படகாகப் பதிந்த ஃபைபர் போட் ஒன்றை வாங்கினேன். இப்போது குடும்பத்தோடு சுற்றத்தான் பாவிக்கிறோம்.

பதில்: கடற்றொழில் திணைக்களப் பதிவில் ஒன்று, பாவனை வேறொன்று. பொருந்தாத இரண்டையும் வைத்துக்கொண்டு காப்புறுதி எடுக்க வேண்டாம். முதலில் பதிவை ஒழுங்குபடுத்துங்கள். உண்மையான பாவனையை விண்ணப்பத்தில் மறைத்தால் கட்டிய பணமும் வீண்.

கேள்வி (களனி): 2016 வெள்ளம் மாதிரி இன்னொன்று வந்து போட் அடித்துப்போய் மூழ்கினால் தூக்கும் செலவு யாருடையது? எண்ணெய் கசிந்தால்?

பதில்: படகின் பெறுமதியைத் தருவது வேறு, மூழ்கியதை அகற்றுவது வேறு. அகற்றும் செலவு பொறுப்புப் பகுதிக்குள் தனி வரியாக இருக்கிறதா, அதற்கு உச்சத் தொகை எவ்வளவு என்று பாருங்கள். வாய்க்காலை அடைத்துக்கொண்டு கிடந்தால் எடுக்கச் சொல்வார்கள். பழைய போட்டுக்குத் தூக்கும் கூலி போட்டின் விலையையே தாண்டலாம்.

எண்ணெய்க் கசிவையும் அலட்சியம் செய்யாதீர்கள். 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பிடித்தபின் கரையெங்கும் பிளாஸ்டிக் மணிகள் ஒதுங்கியதை எல்லோரும் பார்த்தோம். உங்கள் போட் அந்த அளவில்லை, ஆனால் 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கக் கடல் மாசுத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. திடீரென நேரும் மாசுக்கான பொறுப்பு சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

கேள்வி (மட்டக்குளி): என் அக்கா தன் படகுக்குக் காப்புறுதி எடுக்கப் போகிறார். தரகர் மூலம் எடுத்தால் கூடுதலாகக் காசு கொடுக்க வேண்டுமா? அவருக்கு இதெல்லாம் தெரியாது.

பதில்: தரகருக்கான கொமிஷனை நிறுவனம்தான் கொடுக்கும். காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் பதிந்த தரகரா என்று மட்டும் பாருங்கள். கடல்சார் அனுபவம் உள்ளவராக இருந்தால் அக்காவுக்கு நல்லது.

கேள்வி (மருதானை): கிளெய்மை நிராகரித்துவிட்டார்கள். படகு ஓடும் நிலையில் இல்லை என்று காரணம் சொல்கிறார்கள். இனி என்ன செய்வது?

பதில்: சர்வேயர் அறிக்கையின் பிரதியை எழுத்தில் கேளுங்கள். கால அளவுக்கு எடுத்த கடல்சார் பொலிசியில், ஆங்கிலேயச் சட்டத்தின்படி, படகு பழுது என்பது மட்டும் போதாது. அந்தப் பழுது தெரிந்தும் நீங்கள் இறக்கினீர்கள், நட்டமும் அந்தப் பழுதால்தான் வந்தது என்று இருக்க வேண்டும். பில்ஜ் பம்ப் (படகுக்குள் சேரும் தண்ணீரை வெளியேற்றும் பம்ப்) வேலை செய்யாதது தெரியாமலே இறக்கினீர்களா? அல்லது பம்ப் பழுதாக இருந்தாலும் போட் மூழ்கியது வேறொரு படகு இடித்ததாலா? அப்படியென்றால் பேச இடம் இருக்கிறது. கடைசியாகச் சேர்விஸ் செய்த கராஜ் பற்றுச்சீட்டுகளைத் தேடி எடுங்கள்.

முதலில் நிறுவனத்தின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுதி, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். சரிவராவிட்டால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். ஆணைக்குழுவின் அலுவலகம் கோட்டை உலக வர்த்தக மையக் கிழக்குக் கோபுரத்தில் இருக்கிறது, அங்கும் முறையிடலாம். இதற்கிடையில் உடைந்த பாகங்களை எறிந்துவிடாதீர்கள், அவர்கள் எழுத்தில் அனுமதி தரும்வரை திருத்தவும் வேண்டாம். மழை படாமல் மூடி மட்டும் வையுங்கள்.